சுவிசேடக் கவிராயர் வேதநாயக சாஸ்திரியார்

இறைவனை அணுகுவதற்கு இசையைப் போல் எளிய சாதனம் வேறில்லை என்பது நம் நாட்டு அடியார்களின் அனுபவம். ஆழ்வார்களும் நாயன்மார்களும் பாடியே இறைவனை அடைந்தார்கள். தியாகராஜர் நாதத்தையே உபாசனையாகக் கொண்டார். இந்த உண்மையை வேறொரு சமயத்தின் எல்லைக்குள் நின்று கண்டுகொண்டு, அதற்காகத் தம் பிழைப்பையும் இழக்கத் துணிந்த ஒரு பக்தரின் வரலாறு தஞ்சை மண்ணில் உண்டு. அவரே வேதநாயக சாஸ்திரியார்.

அவருடைய வாழ்க்கைக்குள் செல்லுமுன் ஒரு சிறு செய்தி. பெங்களூருவில் அல்சூரை அடுத்துள்ள ஜோகுபாளையம் போன்ற பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயரின் படைமுகாம் அந்நகரில் அமைந்தபோது, சென்னை மாகாணத்திலிருந்து சிப்பாய்களாகவும் வணிகர்களாகவும் பணியாளர்களாகவும் சென்று தங்கிய தமிழர் பலர். இத்தகைய ஓரிடத்தில் வளரும் கிறிஸ்தவ இளைஞன் ஒருவன், இசையில் நாட்டம் கொண்டு, தேவாலய இசையை முறையாகக் கற்று அதிலேயே தொண்டு செய்து வாழ விரும்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் முன்னே இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, ஐரோப்பிய ஸ்வரக்குறிப்பு, கீபோர்டு, நான்கு குரல்களில் பாடும் பாடகர் குழு ஆகியவற்றின் வழி. மற்றொன்று, பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று அமைந்த கீர்த்தனையின் வழி. ஒரே ஞாயிறு வழிபாட்டில் இரண்டும் அருகருகே ஒலிப்பதை இன்று தமிழ்ச் சபைகளில் கேட்கலாம். யாரும் அதை வியப்பாகக் கருதுவதில்லை. ஆனால் இரண்டாவது வழி தானாக அமைந்துவிட்டதன்று. அதை அமைத்தவர்களுள் முதல்வரான வேதநாயக சாஸ்திரியார், அவ்வழி அடைக்கப்பட்ட நாளையும் கண்ணால் கண்டவர்.

பெயர் ஒற்றுமையால் வாசகர்களுக்கு மயக்கம் ஏற்படலாம். 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதிய மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை (1826–1889) வேறு. நம் சாஸ்திரியார் வேறு. பிள்ளையவர்கள் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே பிறந்தவர் இவர்.

பாளையங்கோட்டையிலிருந்து தஞ்சைக்கு

வேதநாயகம் 1774-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் திருநெல்வேலியில் வேளாளர் குலத்தில் பிறந்தார். தந்தை தேவசகாயம் பிள்ளை. தாய் ஞானப்பூ அம்மாள். தந்தை உபதேசியாராகச் சபைத் தொண்டு புரிந்தவர். சிறுவன் இளமையிலேயே தாயை இழந்தான். அக்காலத் திண்ணைப் பள்ளிகளின் முறைப்படி தமிழ் இலக்கணமும் கணக்கும் கற்றான். திருநெல்வேலிச் சீமை அப்போது பாட்டால் நிறைந்த சீமை. குற்றாலத்துக் குறவஞ்சியைத் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிச் சில தலைமுறைகளே ஆகியிருந்தன. காவடிக்கும் கும்மிக்கும் நொண்டி நாடகத்துக்கும் உரிய சந்தங்கள் ஊர்தோறும் காற்றில் கலந்திருந்தன. பிற்காலத்தில் அவர் கையாண்ட வடிவங்களைப் பார்க்கும்போது, அவருடைய முதல் இசை ஆசிரியர் அந்த ஊர்த் தெருக்களே என்று சொல்லத் தோன்றுகிறது.

1785-ஆம் ஆண்டு பாளையங்கோட்டையில் கிளாரிந்தா என்ற மராட்டிய அம்மையார் முயன்று கட்டுவித்த சிற்றாலயத்தைப் பிரதிஷ்டை செய்வதற்காகத் தஞ்சையிலிருந்து சுவார்ட்ஸ் பாதிரியார் வந்தார். பிரஷ்ய நாட்டில் 1726-இல் பிறந்து, 1750-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய கிறிஸ்டியன் ஃபிரடெரிக் சுவார்ட்ஸ் திரும்பத் தாய்நாடு செல்லவேயில்லை. தமிழும் மராட்டியும் பாரசீகமும் அறிந்தவர். இல்லறம் ஏற்காமல் எளிய வாழ்க்கை வாழ்ந்தவர். 1779-இல் ஆங்கிலேயர் ஹைதர் அலியிடம் சமாதானத் தூது அனுப்ப வேண்டியபோது, ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குச் சென்றவர் இவரே. பிற சமயத்து மன்னர்களும் இவர் சொல்லை நம்பினர். இத்தகையவரின் பார்வையில் பன்னிரண்டு வயதை எட்டிக்கொண்டிருந்த வேதநாயகம் பட்டான். பையனின் அறிவுக் கூர்மையைக் கண்ட பாதிரியார், தந்தையின் இசைவு பெற்று அவனைத் தம்முடன் தஞ்சைக்கு அழைத்துச் சென்றார்.

தாயற்ற சிறுவன் ஒருவன், தந்தையையும் பிரிந்து, வேற்று நாட்டார் ஒருவரின் பின்னால் முன்பின் அறியாத நகரத்துக்குப் புறப்பட்டது எளிய செயலன்று. ஆனால் அந்த நகரம் தஞ்சை. அன்றைய தென்னகத்தில் இசைக்கு அதைவிடச் சிறந்த ஊர் இல்லை. சியாமா சாஸ்திரிகள் தஞ்சையிலேயே வாழ்ந்துகொண்டிருந்தார். தியாகராஜர் திருவையாற்றில் இளைஞர். முத்துசுவாமி தீட்சிதர் வேதநாயகத்தைவிட ஒரு வயது இளையவர். சங்கீத மும்மூர்த்திகள் என்று நாம் போற்றுவோர் காவிரிக் கரையில் உருவாகிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதே காற்றைச் சுவாசித்து இந்தச் சிறுவனும் வளர்ந்தான்.

தஞ்சை மன்னர் துளஜாஜி 1787-இல் இறக்குமுன் சரபோஜி என்ற சிறுவனைச் சுவீகாரம் செய்து, அவனுடைய பாதுகாப்பைச் சுவார்ட்ஸிடம் வேண்டினார். அரசுரிமைப் பூசலில் அந்த இளவரசன் பட்ட துன்பங்கள் பல. வேதநாயகத்தைவிட மூன்று வயது இளையவரான சரபோஜியும் வேதநாயகமும் சுவார்ட்ஸ் ஒருவரையே ஆசானாகக் கொண்டனர். இளமையில் ஏற்பட்ட இந்த நட்பு, ஒருவர் அரியணையிலும் ஒருவர் ஆசிரியர் பலகையிலும் அமர்ந்த பின்னும் தேயவில்லை.

தரங்கம்பாடிக் கல்வி

வேதாகமக் கல்விக்காகச் சுவார்ட்ஸ் தம் மாணவரைத் தரங்கம்பாடிக்கு அனுப்பினார். டேனிஷ்காரர்களின் ஆட்சியில் இருந்த அந்தக் கடற்கரை ஊர் நம் நாட்டு அச்சுக்கலை வரலாற்றில் தனியிடம் பெற்றது. 1706-இல் வந்த சீகன்பால்கு அங்கே அச்சுக்கூடம் நிறுவி, 1715-இல் தமிழில் புதிய ஏற்பாட்டை வெளியிட்டார். வேதநாயகம் சென்ற காலத்தில் அங்கிருந்த குருமார் வெறும் சமயப் போதகர்களாக மட்டும் இருக்கவில்லை. ஜான் என்பவர் இயற்கை நூல் ஆராய்ச்சியாளர். ஔவையாரின் நீதிநூல்களில் ஈடுபட்டு அவற்றைப் பிற மொழியாளர்க்கு அறிமுகப்படுத்தியவர். காமெரர் என்பவர் திருக்குறளை ஜெர்மனில் பெயர்த்து 1803-இல் வெளியிட்டவர். ராட்லர் தாவரவியலிலும் தமிழ் அகராதிப் பணியிலும் புகழ் பெற்றவர். இத்தகைய ஆசிரியர்களிடம் வேதநாயகம் வேதாகமத்தோடு வானியலும் பூகோளமும் உடலியலும் கற்றார். சூரியனைப் பூமி சுற்றுகிறது என்ற புதிய வானியலைத் தமிழில் முதன்முதலாகப் பாட்டில் வைத்துப் பாடியவர்களுள் அவர் ஒருவர் ஆனது இந்தக் கல்வியின் பயனே.

ஆனால் இசையில் ஒரு குறை இருந்தது. அதைச் சற்று விளக்கிச் சொல்ல வேண்டும். தரங்கம்பாடிச் சபையில் பாடப்பட்ட ஞானப்பாட்டுகள் ஜெர்மானியப் பாடல்களின் தமிழாக்கங்கள். மெட்டு ஜெர்மன் நாட்டுடையது. சொல் மட்டும் தமிழ். ஜெர்மன் பாட்டின் அடி, சொல்லின் அழுத்தத்தைக் கொண்டு நடப்பது. தமிழ்ப் பாட்டோ குறில் நெடில் என்ற ஒலியளவையும் எதுகை மோனையையும் கொண்டு நடப்பது. அழுத்தம் விழ வேண்டிய இடத்தில் தமிழின் குறிலும், குறுகி ஒலிக்க வேண்டிய இடத்தில் நெடிலும் வந்து நிற்கும்போது, சொல் முறிந்து பொருள் மயங்கும். ஐரோப்பிய இசையின் அழகே பல குரல்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இசைவில் இருக்கிறது. தமிழர் காதோ ஒற்றை மெட்டின் வளைவுகளிலும் கமகங்களிலும் ராக பாவத்தைத் தேடுவது. பக்தியோடு பாடியவர்கள் இதையும் பாடி உருகினார்கள் என்பதில் ஐயமில்லை. அந்தப் பாட்டுகளை ஆக்கிய குருமாரின் உழைப்பையும் குறைத்து மதிப்பிடலாகாது. எனினும் உழவனும் நெசவாளியும் வேலைக்கிடையில் தானே முணுமுணுக்கும் பாட்டாக அது ஆகவில்லை. இறைவனிடம் பேசும்போது இரவல் குரலில் பேச வேண்டியிருந்தது.

வேதநாயகம் இதை உணர்ந்தார். கற்ற கல்வியைத் தேவாலயத்தின் இசைக்கே அர்ப்பணிக்க வேண்டும் என்ற எண்ணம் அவருள் வேரூன்றியது. ஏறக்குறைய இருபது வயதில் அவர் தஞ்சைக்குத் திரும்பி, உபதேசியார்களைப் பயிற்றும் பள்ளியில் ஆசிரியரானார். பகலில் பாடம் சொல்வார். மற்ற நேரங்களில் பாட்டுக் கட்டுவார். இந்த இரண்டு தொண்டும் பல ஆண்டுகள் ஒன்றாகவே நடந்தன.

பெத்லகேம் குறவஞ்சி

1798-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ஆம் நாள் சுவார்ட்ஸ் மறைந்தார். அதே ஆண்டில் சரபோஜி அரியணை ஏறினார். தம் குருவின் நினைவாக மன்னர், ஃபிளாக்ஸ்மன் என்ற புகழ்பெற்ற சிற்பியைக் கொண்டு இங்கிலாந்தில் பளிங்குச் சிற்பம் செய்வித்துத் தஞ்சைத் தேவாலயத்தில் அமைத்தார். மரணப் படுக்கையில் கிடக்கும் பாதிரியாரின் அருகில் மன்னர் நிற்கும் காட்சியை அதில் இன்றும் காணலாம். அதே குருவின் மற்றொரு மாணவர் அமைத்த நினைவுச் சின்னம் வேறு வகையானது. 1800-ஆம் ஆண்டு வேதநாயகர் 'பெத்லகேம் குறவஞ்சி'யை இயற்றினார்.

குறவஞ்சி என்பது ஒரு நாட்டிய நாடக வகை. தலைவன் வீதியுலா வருவான். அவனைக் கண்ட தலைவி காதல் நோய் கொள்வாள். நிலவையும் தென்றலையும் பழிப்பாள். குறத்தி வந்து தன் மலைவளம் பாடி, கை பார்த்துக் குறி சொல்லி, தலைவன் வருவான் என்று தேற்றிப் பரிசு பெறுவாள். பின்னர் பறவை பிடிக்கும் குறவன் அவளைத் தேடி வருவான். கோயில் விழாக்களில் ஆடப்பட்ட இவ்வடிவத்தை வேதநாயகர் அப்படியே எடுத்துக்கொண்டார். உலா வருபவர் பெத்லகேமில் பிறந்த இயேசுபிரான். தலைவி தேவமோகினி, சீயோனின் மகள்; அதாவது அடியார்களின் திருச்சபை. குறத்தி, விசுவாசம் என்ற நற்பண்பின் உருவம். அவள் பாடும் மலைகள் வேதாகமத்து மலைகள். குறவனின் வலை, நற்செய்தி என்னும் வலை. இடையே கண்டங்களும் கடல்களும் கோள்களும் புதிய அறிவியல் சொன்ன முறைப்படி வந்து போகின்றன.

ஆன்மாவைத் தலைவியாகவும் இறைவனைத் தலைவனாகவும் கொள்ளும் நாயக நாயகி பாவம் நம் அன்பர்களுக்குப் புதிதன்று. ஆண்டாளும் நம்மாழ்வாரும் மாணிக்கவாசகரும் சென்ற வழி அது. வேதாகமத்தில் சாலமோனின் பாட்டும் அவ்வழியில் அமைந்ததே. இரு மரபுகளும் இயல்பாகச் சந்திக்கும் ஓர் இடத்தை வேதநாயகர் கண்டுபிடித்தார் என்பதே இந்நூலின் சிறப்பு. 'பேரின்பக் காதல்' என்ற அவருடைய மற்றொரு நூலும் இந்தப் பாவத்தைச் சார்ந்தது. இதில் ஒரு சுவையான முரண்பாடும் உண்டு. சகுனம், சோதிடம், குறி பார்த்தல் ஆகியவற்றைக் கடுமையாகக் கண்டித்து 'சாஸ்திரக் கும்மி' பாடியவரும் இவரே. உலக வாழ்வில் அவர் விலக்கச் சொன்ன குறத்தியே அவருடைய பக்தி நூலில் நம்பிக்கையின் வடிவமாக வந்து நிற்கிறாள்.

நோவாவின் பேழையைப் பொருளாகக் கொண்ட 'ஞானத் தச்ச நாடகம்', நாள்தோறும் வேண்டுதலுக்குரிய 'ஜெபமாலை', 'பராபரன் மாலை', 'ஞான உலா', 'ஞான ஏத்தப்பாட்டு' என்று அவருடைய நூல்கள் விரிகின்றன. ஏற்றம் இறைப்பவனின் பாட்டும், கும்மியடிக்கும் பெண்களின் பாட்டும், அரண்மனைக் கச்சேரிக்குரிய கீர்த்தனையும் ஒரே கையில் உருவாயின. இவற்றை ஏட்டில் எழுதி வைத்ததோடு அவர் நிற்கவில்லை. பாடகர்களுடன் ஊர் ஊராகச் சென்று, கதை சொல்லியும் பாடியும் காலட்சேபம் நடத்தினார். ஆலயங்களிலும் வீடுகளிலும் இரவு நெடுநேரம் மக்கள் கூடிக் கேட்டனர். அறிஞர்கள் அவருக்கு வேதசிரோன்மணி, ஞானதீபக் கவிராயர், சுவிசேடக் கவிராயர் என்ற பட்டங்களை வழங்கினர்.

அக்காலத் தஞ்சையில் இசை எல்லைகளைக் கடந்து சென்ற விதம் வியப்புக்குரியது. சரபோஜியின் அரண்மனையில் ஐரோப்பிய வாத்தியக் குழு இருந்தது. முத்துசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய மெட்டுகளைக் கேட்டு, அவற்றில் நம் தெய்வங்களைப் போற்றும் வடமொழிச் சாஹித்யங்களை அமைத்தார். இன்று நோட்டு ஸ்வரம் என்று குழந்தைகளுக்குக் கற்பிக்கப்படுவன அவையே. வேதநாயகர் அதன் மறுதிசையில் நடந்தார். ஐரோப்பியர் கொணர்ந்த வேதத்தை நம் ராகங்களில் அமைத்தார். இருவரும் ஒரே தலைமுறையினர், ஒரே நாட்டினர்.

மன்னரும் கவிராயரும்

சரபோஜி சைவ நெறியில் நின்றவர். பெருவுடையாரிடம் பக்தி பூண்டவர். தம் நண்பரின் கவித்திறனில் மகிழ்ந்த அவர், தஞ்சைப் பெருவுடையார் மீதும் ஒரு குறவஞ்சி பாடித்தரும்படி வேண்டினார் என்றும், பெரும் பரிசு அளிப்பதாகச் சொன்னார் என்றும் வழிவழியாகக் கூறப்படுகிறது. சாஸ்திரியார் மனக் கலக்கத்தோடு வீடு திரும்பினார். அன்னமிட்ட கை கேட்கிறது. இளமை நண்பர் கேட்கிறார். ஆனால் தாம் வரித்துக்கொண்ட தலைவனைத் தவிர வேறொருவரைப் பாட அவருக்கு நா எழவில்லை. தம் நிலையை ஒரு கீர்த்தனையாகவே அமைத்து மன்னர் முன் பாடினாராம். மன்னர் சினம் கொள்ளவில்லை. அதன் பின்னும் அவரை முன்போலவே ஆதரித்தார். பெருவுடையார் கோயிலில் ஆடுவதற்குரிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சியை மன்னருக்காகப் பாடியவர் கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர்.

இஷ்ட நிஷ்டை என்று நம் நூல்கள் கூறும் பண்பு இது. சாஸ்திரியார் பிற தெய்வ வழிபாட்டைப் பற்றி எழுதியவற்றில் நாம் ஒப்ப முடியாத கடுமை உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் இந்த நிகழ்ச்சியில் பெருமை இருவருக்கும் உரியது. மறுக்கத் துணிந்தவர் ஒருவர். மறுப்பைப் பொறுத்தவர் மற்றொருவர். இருவரில் அரிய செயலைச் செய்தவர் மன்னரே என்று சிலர் சொல்லக்கூடும்.

சபையில் எழுந்த பூசல்

அவருடைய வாழ்க்கையின் கடினமான பகுதிக்கு இப்போது வருகிறோம். சுவார்ட்ஸின் தலைமுறைக் குருமார் மறைந்த பின், 1825-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தஞ்சைச் சபையின் நிர்வாகம் ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்த வேறொரு சங்கத்தின் கைக்கு மாறியது. புதிதாக வந்த குருமார் பழைய வழக்கங்கள் பலவற்றை மாற்ற முற்பட்டனர். சாஸ்திரியாரும் அவரைச் சார்ந்தோரும் நான்கு காரியங்களைக் கொடுமைகள் என்று எடுத்துரைத்தனர். நெடுங்காலமாக ஓதப்பட்டு வந்த பப்ரீசியுஸின் வேதாகம மொழிபெயர்ப்பைத் திருத்தியது ஒன்று. விழாக்களையும், திருமணத்திலும் அடக்கத்திலும் மலர் முதலியவற்றைப் பயன்படுத்துவதையும் தடுத்தது மற்றொன்று. தமிழ்க் கீர்த்தனைகளையும் தமிழ் வாத்தியங்களையும் வழிபாட்டிலிருந்து நீக்கியது மூன்றாவது. நான்காவது, ஆலயத்தில் எல்லாச் சாதியாரும் கலந்து அமர்ந்து ஒன்றாக நற்கருணை பெற வேண்டும் என்று வற்புறுத்தியது.

ஐம்பது வயதைக் கடந்த கவிராயருக்கு மூன்றாவது அடி தாங்க முடியாதது. பன்னிரண்டு வயதில் வீட்டை விட்டு வந்தது முதல் அவர் கட்டி எழுப்பியது அந்த இசை ஒன்றே. அதை ஆலயத்தின் வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள். அவர் எதிர்த்தார், எழுதினார், முறையிட்டார். விளைவாக, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வகித்த ஆசிரியப் பணியை 1829-ஐ ஒட்டி இழந்தார். அப்போது கைகொடுத்தவர் சைவராகிய சரபோஜி மன்னரே. கிறிஸ்தவக் கவிஞரை அரசவைக் கவிஞராக மதித்து உதவித்தொகை அளித்தார். 1832-இல் மன்னரும் மறைந்தார்.

ஆனால் நான்காவது காரியத்தில் சாஸ்திரியாரின் பக்கம் நாம் நிற்க இயலாது. தஞ்சை ஆலயத்தில் வேளாளர் ஒரு புறமும், தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டோர் மற்றொரு புறமும் அமர்வதே வழக்கமாக இருந்தது. நற்கருணைப் பாத்திரமும் அந்த வரிசையிலேயே சென்றது. இதை மாற்றுவது பைத்தியக்காரத்தனம் என்று வாதிட்டு அவர் ஒரு நூலே எழுதினார். சாதி என்பது உலக ஒழுங்கு, சமயத்துக்கு அதில் வேலையில்லை, அன்பினால் மெல்ல மாற வேண்டியதைக் கட்டளையால் மாற்றலாகாது, சுவார்ட்ஸ் முதலிய பெரியோர் பொறுத்ததை இவர்கள் ஏன் பொறுக்கவில்லை என்பன அவர் தரப்பு. ஆனால் அந்தப் பொறுமையின் விலையைக் கொடுத்தவர்கள் எதிர்ப்புறத்தில் அமர்ந்திருந்தவர்கள். அவர்களுடைய குரல் அந்த வாதங்களில் கேட்பதில்லை. 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை அறவே கூடாது என்று கடிதம் விடுத்தபோது, தஞ்சையிலும் சென்னையிலும் பலர் சபையை விட்டே விலகினர். அந்த ஆணை நியாயமானது என்பதில் இன்று யாருக்கும் ஐயம் இருக்க முடியாது.

இதை எழுதும்போது மனம் வருந்தத்தான் செய்கிறது. தம் மக்களின் குரலில் இறைவனைப் பாட வேண்டும் என்று நின்றவர், அந்த மக்களில் ஒரு பகுதியினர் தம் அருகில் அமர்வதை ஏற்கவில்லை. மரபின் மீது கொண்ட பற்றே அவருக்குப் பாட்டைக் கொடுத்தது. அதே பற்று கண்ணை மறைக்கவும் செய்தது. குருமாரும் இவ்விரண்டையும் பிரித்தறியவில்லை. சாதியை நீக்க வந்தவர்கள், ராகத்தையும் மலரையும் அதனோடு சேர்த்தே களைய முற்பட்டனர். வயலில் களை எடுப்பவன் பயிரையும் பிடுங்கிய கதை அது.

திரும்பி வந்த பாட்டு

பிற்காலத்தில் சாஸ்திரியார் தம் காலட்சேபங்களைத் தொடர்ந்தார். ஆலயத்துள் தடைப்பட்ட பாடல்கள் இல்லங்களில் ஒலித்தன. ஏட்டுப் பிரதிகளாகக் கைமாறி ஊர்கள் கடந்தன. அவருடைய பிள்ளைகளும் பாடப் பழகினர். மகள் ஞானதீபம் அந்த இசை மரபில் வளர்ந்தவர்.

அமெரிக்க மதுரை மிஷனைச் சார்ந்த எட்வர்ட் வெப் என்ற பாதிரியார் இப்பாடல்களைக் கேட்டார். மேனாட்டு மெட்டுகளுக்கு அசையாத கிராம மக்கள், கீர்த்தனை தொடங்கியதும் தாமே சேர்ந்து பாடுவதை மிஷனரிகள் கண்டிருந்தனர். வெப் தமிழிசையைக் கற்க முற்பட்டார். சாஸ்திரியாரின் பாடல்கள் பலவற்றையும் பிறருடையவற்றையும் சேர்த்து, பொது வழிபாட்டுக்குரிய கீர்த்தனைத் தொகுப்பு ஒன்றை 1853-ஆம் ஆண்டு அச்சிட்டார். ஆலயத்திலிருந்து கீர்த்தனை விலக்கப்பட்டு ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழிந்திருந்தது. விலக்கியவரும் வெள்ளைக்காரக் குருமார். அச்சிட்டுத் திரும்பக் கொணர்ந்தவரும் அவர்களில் ஒருவரே. சாஸ்திரியாருக்கு அப்போது வயது 79. அதைக் காண அவர் உயிரோடு இருந்தார் என்பது இறைவன் அவருக்குச் செய்த கருணை.

அந்தத் தொகுப்பு பலமுறை விரிவாக்கப்பட்டுக் கிறிஸ்தவக் கீர்த்தனை நூலாக இன்று தமிழ்ச் சபைகள் பலவற்றில் வழங்குகிறது. ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் ராகமும் தாளமும் குறிக்கும் வழக்கம் அதில் நிலைத்துவிட்டது. தஞ்சையிலேயே பின்னாளில் ஆபிரகாம் பண்டிதர் தோன்றி, 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பேரிசை நூலை வெளியிட்டதற்கும், கிறிஸ்தவக் குடும்பங்களில் வீணையும் வயலினும் பயிலப்பட்டதற்கும் சாஸ்திரியார் வகுத்த பாதை துணை நின்றது. அன்று தனியே அமர்த்தப்பட்டவர்களின் பேரப் பிள்ளைகள் பலர் இன்று முன் வரிசையில் நின்று அந்தக் கீர்த்தனைகளைப் பாடுகிறார்கள். பாடகர் குழுக்களுக்குத் தலைமை தாங்குகிறார்கள். பாடியவர் எண்ணியதைவிடப் பாட்டு அதிக தூரம் சென்றுவிட்டது.

1864-ஆம் ஆண்டு ஜனவரி 24-ஆம் நாள், தம் 90-ஆவது வயதில் சாஸ்திரியார் தஞ்சையில் காலமானார். சங்கீத மும்மூர்த்திகள் மூவரும் அவருக்கு முன்பே மறைந்துவிட்டனர். தஞ்சை மராட்டிய அரசும் 1855-இல் முடிந்துவிட்டது. அவர் வழிவந்தோர் சாஸ்திரியார் என்ற பெயரைத் தாங்கி, தலைமுறை தலைமுறையாக அவருடைய நூல்களைக் காலட்சேபமாக நடத்தி வந்தனர்.